பாதி மொட்டை

"தலையைத் தூக்காதீங்க சார், அப்புறம் காது போச்சுன்னா எங்கிட்ட கேக்கக்கூடாது" என்று சிங்காரவேலு சொல்லி வாய் மூடுவதற்குள் வனஜாட்சியின் கைப்பைக்குள்ளிருந்த போன் அடித்தது. பஞ்சநதம் அப்போது பாதி மொட்டையாக இருந்தார். வலப்பக்கம் வழித்தாகிவிட்டது, இடப்பக்கத்தில், ரிட்டயரான பிறகும் ஊரார் கண்படும்படி செழித்திருந்த முடி அப்படியே இருந்தது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் முக்கியமான செய்தியை எந்தக் கோலத்தில் எதிர்கொள்ளவேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை, ஆனாலும் பாதி மொட்டை அதில் சேராது என்பது நிச்சயம். அந்தக் காலத்தில் திருடனுக்குத்தான் இப்படி மொட்டை அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்கள், கழுதை ஒன்றுதான் பாக்கி, என்று மனசு தன்பாட்டுக்கு ஓடியது. அவர் மனசுக்கு அது வழக்கம். பயம் வந்தால் படித்ததையெல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டு அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "டாக்டரம்மாதான்" என்றாள் அவர் மனைவி வனஜாட்சி, யாருக்கோ சொல்வதுபோல. "சொல்லுங்க மேடம். ஒரு நிமிஷம் மேடம், இங்க ஒரே சத்தமா இருக்கு." பக்கத்துப் பலகையில் ஒரு கைக்குழந்தைக்கு முதல் மொட்டை, அது வைத்தீஸ்வரன் கோயில் கோபுரமே நடுங்கும்படி அலறிக்கொண்டிருந்தது. மோவாய் நெஞ்சில் பட, கழுத்தைப் பின்னாலிருந்து சிங்காரவேலுவின் ஈரக்கை அழுத்திப் பிடித்திருக்க, பஞ்சநதத்துக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்: சதுரம் சதுரமாகப் பாவிய கடப்பைக்கல் தரை, அதில் ஓடும் தண்ணீர், தண்ணீரில் தன் முடியின் கொத்துகள், அதற்கப்பால் அவளுடைய இரண்டு கால்கள். அந்தக் கால்கள் இப்போது திரும்பி, மண்டபத்தின் வாசல் தூணருகே போய், அவருக்கு முதுகு காட்டி, அதாவது குதிகால் காட்டி, நின்றன. மற்றதெல்லாம் அவர் பார்வைக்கு மேலே எங்கோ நடந்துகொண்டிருந்தது, தெய்வங்களின் காரியம்போல.

கால்தடத்தை வைத்து மிருகம் எது, அது நடந்ததா ஓடியதா, பசியோடு போனதா தின்றுவிட்டுப் போனதா என்றெல்லாம் சொல்லிவிடலாம் என்று மாயவரத்துக் கல்லூரியில் விலங்கியல் வகுப்பெடுத்த காலத்தில் அவர் பையன்களை மிரட்டியிருக்கிறார். இப்போது கால்தடம்கூட இல்லை, காலே இருக்கிறது, சொல்லுங்கள் சார், சேதி என்ன? குதிகால் வெடிப்பில் மஞ்சள். நகங்கள் இங்கிருந்து தெரியாது, ஆனால் அவை எப்படியிருக்கும் என்று தெரியும்: நுனியில் இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபோது கறுத்த கறுப்பு, அடியில் புதிதாக வளர்ந்த வெள்ளை, கட்டை விரலில் மட்டும் இன்னும் பிறைபோல ஒரு கறை. அந்த இரண்டாவது தடவைதான் கால்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்றால் தெரியாது. வெந்நீர் தெரியாது. வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் கீழே பார்த்துப் பார்த்து வைப்பாள். "யாரோ ஒருத்தி காலை இரவல் வாங்கி நடக்கிற மாதிரி இருக்கு, அவளும் நல்லவ இல்ல" என்பாள். சின்னப்பெண்ணாக இருந்தபோது அவள் தெருவிலேயே பாண்டி ஆட்டத்தில் அவளை வெல்ல ஆளில்லையாம். இதைக் கல்யாணமான புதிதில் சொன்னாள், அவர் உடனே அந்த ஆட்டம் எந்தெந்த நாடுகளில் என்னென்ன வடிவத்தில் ஆடப்படுகிறது என்று விளக்க ஆரம்பித்தார், அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். விளக்கத்தில் அவர் விட்டுவிட்ட விஷயங்களை அவள்தான் பிற்பாடு சொல்லிக் கொடுத்தாள். தரையில் கட்டம் போட்டுச் சில்லை எறிந்து, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக்காலில் தாவி வருவது பெரிசில்லை. கடைசியில் சில்லை நெற்றியில் வைத்து, முகத்தை ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல் ஒவ்வொரு கட்டமாக நடக்கவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்கவேண்டும். சுற்றி நிற்பவர்கள் "ரைட்டு" என்றால் அடுத்த அடி. கோட்டை மிதித்திருந்தால் "தப்பு", ஆட்டம் போச்சு. எல்லாம் தாண்டி வந்துவிட்டால் ஒரு கட்டம் உன்னுடையது. அதற்குப் பெயர் பழம். அதில் வேறு யாரும் கால் வைக்கக்கூடாது, உனக்கு மட்டும் அங்கே இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாற உரிமை.

முதல் தடவை ஸ்கேன் அறைக்குள் போகும்போது வாசலில் நின்று, சில்லு இருக்கிற மாதிரி நெற்றியைத் தூக்கிக்கொண்டு, "ரைட்டா?" என்று கேட்டாள். அவர், "எனக்கெப்படித் தெரியும்? எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்" என்றார். அன்றைக்கு அவள் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, அல்லது சுடுவது சிங்காரவேலு கத்தியைக் காதோரம் இறக்கியதாலா. அடுத்த தடவையிலிருந்து அவர் தப்பில்லாமல் "ரைட்டு" என்றார். சத்தமாக, நர்சுகள் திரும்பிப் பார்க்கும்படி. அது உண்மையா பொய்யா என்ற கேள்வி அந்த ஆட்டத்தில் இல்லை என்பது, தர்க்க சாத்திரத்தில் ஓரளவு பரிச்சயமுள்ள அவருக்கு, புரிய இத்தனை காலமாயிற்று. முந்தாநாள் திருச்சியில் எடுத்த ஸ்கேனுக்கும் கேட்டாள், சொன்னார். இன்றைக்குக் காலையில் டாக்டர் அமலோற்பவம் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடே வனஜாட்சி சண்டை போட்டு வாங்கியது. முன்னே இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, நேரில் வாருங்கள், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். "கூட ஆள் கூட்டிட்டு வான்னு சொன்னா அதுவே ரிசல்ட்டு மேடம். அப்புறம் பஸ்ல வர்ற வழியெல்லாம் நான் என்ன பண்றது, சன்னல் வழியா வேடிக்கை பாக்கவா? எதுவானாலும் போன்லயே சொல்லிடுங்க, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, இவர்கிட்ட சொன்னா இவர் அதுக்கு ஒரு முன்னுரை சொல்லுவார்." டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார். ஆகவே போன் வந்ததை வைத்தும் ஒன்றும் ஊகிக்க முடியாது. நல்ல சேதியும் இதே போனில், கெட்ட சேதியும் இதே போனில். குதிகால்கள் அசையவில்லை. இரண்டும் தரையில் அழுந்தி, ஒன்றுக்கொன்று இணையாக, போட்டோவுக்கு நிற்பதுபோல. இப்படித்தான் நின்றாளா போன தடவை? இல்லை, போன தடவை உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தின தடவை போனை அவரிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கப் போனாள். ரசம் நன்றாக இருந்தது. அதை நினைத்துத்தான் அவர் அன்றைக்கு அழுதார்.

இந்த முடி விவகாரத்துக்கு அவரே பொறுப்பு. காலமெல்லாம் நேர்த்திக்கடன்களைக் கிண்டல் செய்தே வேலை பார்த்த மனிதர், முதல் தடவை மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒருவரும் கேட்காமல், வைத்தியநாதா, இவளை விட்டுவிடு, இவள் முடியை உனக்குத் தருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டார். இவள் முடியை. இடுப்புக்குக் கீழே இறங்கிய பின்னல், அதைவிடப் பெரிய காணிக்கை வேறென்ன என்பது அவர் வாதம். "உங்க தலையில ஒண்ணு இருக்கே, அது உங்க ஞாபகத்துக்கே வரலையா? கண்ணாடி முன்னாடி நிக்கும்போது மட்டும் வருதே" என்பது அவள் எதிர்வாதம். அடுத்தவர் சொத்தை நேர்ந்துகொண்டதால் அந்த வேண்டுதல் ஆரம்பத்திலேயே செல்லாது என்று ஒரு சட்டப் பாயிண்டும் அவளிடம் இருந்தது. வழக்கு முடிவதற்குள் முடி போய்விட்டது. மருந்து ஏற்ற ஆரம்பித்தவுடன் தலையணையில், சீப்பில், குளியலறை ஜலதாரையில் கற்றை கற்றையாக. சுவாமி நேரடியாகவே வந்து வாங்கிக்கொண்டார், கணக்கு தீர்ந்தது என்றார் பஞ்சநதம். "ஜலதாரைல போனதெல்லாம் சாமிக்குப் போனதா? அப்ப நீங்க கழுவி ஊத்தின சோத்துப்பானைத் தண்ணியும் நைவேத்தியம்தான்" என்றாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. கட்டி போயிற்று, ஸ்கேன் சுத்தம். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில், கறுப்பும் வெள்ளையுமாகப் பதித்த தரையில், அந்த மொட்டைத்தலையோடு ஒற்றைக்காலில் நான்கைந்து கட்டம் தாவி வந்து அவர் முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்று "பழம்" என்றாள். நர்ஸ் திட்டினாள். முடி வளர்ந்தது. மறுபடி கழுத்தில் வந்தது. மறுபடி முடி போயிற்று, கால்களும் மரத்தன. அவருடைய பெரியக்கா ராஜாமணி, பாக்கி வைத்த நேர்த்திக்கடன்தான் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "சாமி கந்துவட்டிக்காரர் இல்லை அண்ணி" என்று வனஜாட்சி ஒரே வரியில் அடைத்தாள். இரண்டாவது தடவை சுத்தம் என்று வந்தபோது தாவவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், சாய்ந்தாள், அவர் தாங்கிக்கொண்டார், "பழம்னு எழுதிக்குங்க, கடன்ல" என்றாள் மெதுவாக. மூன்றாவது தடவை நுரையீரலில். இந்த முறை மாத்திரை, முடி போகவில்லை. முன்னே நேராக இருந்த முடி இப்போது சுருட்டை சுருட்டையாக, பாதி வெள்ளையாக, யாரோ ஒரு குறும்புக்காரியின் தலையிலிருந்து எடுத்து வைத்ததுபோலக் கழுத்துவரை வளர்ந்து நிற்கிறது. தினம் காலையில் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, பால் பொங்கும்வரை ஒற்றைக்காலில் நிற்கப் பழகினாள். பால் பொங்குவதற்குள் கால் கீழே வந்துவிடும். ஒரு நாள்கூடப் பால் தோற்றதில்லை.

இன்றைக்கு எழுந்ததும், "கெளம்புங்க, அந்த வேண்டுதலை முடிச்சிட்டு வந்துடுவோம்" என்றாள். போன் வரட்டுமே, கேட்டுவிட்டுப் போகலாமே என்றார். "கேட்டுட்டுக் குடுத்தா அது பேரம். கேக்காம குடுத்தாத்தான் குடுத்தது. நாளைக்கு என்ன வந்தாலும் அவர் மேலயும் பழி இல்ல, நம்ம மேலயும் பழி இல்ல, உங்க அக்கா வாயும் மூடும்." அது சரிதான், ஆனால் யார் முடி? "நேர்ந்தது யாரு?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டாள். ஆட்டோவில் வரும்போது, நாலாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு வியாதியையும் தீர்க்கிறவர் என்கிறார்களே, அந்த எண்ணிக்கையில் புற்றுநோய் சேர்த்தியா என்பது ஆராயவேண்டிய விஷயம், எண்ணைச் சொன்னவர்கள் பட்டியலைத் தரவில்லை, என்று அவர் தொடங்கினார். "சேக்காம விட்டிருந்தா கடைசியில ஒண்ணு கூடச் சேத்துக்கச் சொல்லுங்க. நீங்கதான் திருத்தம் போடறதுல கெட்டிக்காரர் ஆச்சே." ஆட்டோக்காரர் சிரித்ததில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. அந்தச் சுருட்டை முடி துள்ளியது. இவள் இல்லாமல் போனால் என்கிற நினைப்பு அந்தத் துள்ளலின் நடுவே, பாயசத்தில் கல்போலக் கடிபட்டது. நினைப்பு புதிதல்ல. மனசுக்குள் அவர் பலமுறை மனைவியை இழந்தவர். எந்த அறையை மூடி வைப்பது, யாருக்கு எப்படிச் சொல்வது, ராஜாமணி அக்கா வந்து தங்குகிறேன் என்றால் எப்படித் தடுப்பது, சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்ன வழி என்று எல்லாம் ஒத்திகை பார்த்து முடித்தாயிற்று. வனஜாட்சிதான் ஒருமுறைகூட ஒத்துழைக்கவில்லை.

"சார், அழுவுறீங்களா? தலை ஆடுதே" என்றார் சிங்காரவேலு. "சிரிக்கிறேன்" என்றார் பஞ்சநதம். "ரெண்டுக்கும் கத்தி ஒண்ணுதான் சார், ஆடாம இருங்க." இடது காதுக்கு மேலே முதல் இழுப்பு. கொத்தாக ஒன்று தொடையில் விழுந்து வழுக்கித் தரையில் சேர்ந்தது. இதற்கா இத்தனை எண்ணெய், இத்தனை சீப்பு, தண்ணீரில் கிடக்கும்போது செத்த எலிக்குஞ்சு மாதிரிதானே இருக்கிறது. தூணருகே வலது குதிகால் மெல்ல எழும்பியது. கால் முழுசாகத் தரையைவிட்டுத் தூக்கியது, பாதம் பின்பக்கமாகத் திரும்பியது, ஒரு கை கீழே வந்தது, அடிப்பாதத்தில் ஒட்டியிருந்த யாருடைய முடியையோ வழித்துவிட்டது, கால் மறுபடி கீழே ஊன்றியது. அவ்வளவுதான். இரண்டு கால், இணையாக. அப்புறம்தான் உறைத்தது: முடி ஒட்டியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றை இழை. வெந்நீரே தெரியாத காலுக்கு. இது எப்போது திரும்பியது, ஏன் சொல்லவில்லை, அல்லது அவளுக்கே இப்போதுதானா? யோசிப்பதற்குள் இரண்டு கால்களும் நகர்ந்து தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. இப்போது தரை மட்டும். காலியான கடப்பைக்கல், கட்டம் கட்டமாக. கைக்குழந்தை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது, அதனால் மண்டபமே திடீரென்று காது அடைத்ததுபோல் ஆயிற்று, ஆனாலும் அவள் குரல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாளா. தூணில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, இவரிடம் எப்படிச் சொல்வது, அதுவும் பாதி மொட்டையோடு இருக்கும் மனுஷனிடம், முழுசும் அடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாளா. இருப்பாள். ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வருகிறவள். சரி, அப்படியே இருக்கட்டும், நாலாவது தடவையென்றால் நாலாவது தடவை, திருச்சி பஸ் இருக்கிறது, சன்னலோரம் இருக்கிறது, ஸ்கேன் அறை வாசல் இருக்கிறது, அவள் நெற்றியைத் தூக்கினால் ரைட்டு என்று சொல்ல இந்த வாய் இருக்கிறது. மொட்டை முன்னாலேயே அடித்தாயிற்று, யாருக்கும் ஒன்றும் பாக்கியில்லை. எந்தத் தத்துவமும் படிக்காமல் காலையில் செருப்பைத் தேடிக்கொண்டே அவள் சொன்னது இதைத்தான் என்று, கழுத்து வலிக்க வலிக்க, இப்போது விளங்கியது. விளங்கியதும் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டது, தன் முறைக்காக.

"முடிஞ்சுது சார், பின்னால ஒரே ஒரு இழுப்பு, அசையாதீங்க" என்று சிங்காரவேலு சொன்னபோது தூணுக்கு இந்தப் பக்கத்துக் கல்லில் ஒரு கால் வந்து நின்றது. ஒரே ஒரு கால். வலது. கட்டைவிரலில் கறுப்புப் பிறை. இன்னொன்று எங்கே என்று அவர் தேடுவதற்குள் அது தாவியது; சொத்தென்று தண்ணீர் தெறிக்க அடுத்த கல்லில் இறங்கியது, லேசாக ஆடியது, விழவில்லை. "யம்மா, வழுக்கும், பாத்து!" என்று கைக்குழந்தையின் அம்மா கத்தினாள். "பாத்தா ஆட்டத்துல சேத்தியில்ல" என்றது மேலேயிருந்து வனஜாட்சியின் குரல், மூச்சிரைக்க. அடுத்த கல். கோட்டின்மேல் படவில்லை. நடுவில் கிடந்த அவருடைய முடிக்கொத்தை ஒரு கட்டமாகக் கணக்கு வைத்து அதையும் தாண்டியது. சேலைக் கரை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தது. வழித்துக்கொண்டிருந்தவர்கள், வழிக்கப்பட்டவர்கள், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தியது அவர் கழுத்துக்குப் பின்னால் தெரிந்தது. பிறகு அந்தக் கால் நின்றது. அவர் பலகைக்கு ஒரு கல் தூரத்தில், தண்ணீர் நடுவே, ஒற்றையாக, நடுங்கிக்கொண்டு நின்றது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோகிற நேரம் நின்றது.

"ரைட்டா?" என்றாள் வனஜாட்சி.

அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டில் படாமல் நின்ற அந்தக் காலை அந்த மண்டபத்தில் அவரைப்போல அருகிலிருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதைத் தெரிந்துகொண்டு சொன்னார்.

"ரைட்டு!"

"நுரையீரல் சுத்தம். கழுத்து சுத்தம். எங்கயுமே ஒண்ணும் இல்லையாம். டாக்டரம்மா ரெண்டு தடவை படிச்சுக் காட்டினாங்க, நான்தான் ரெண்டாந்தடவையும் படிங்கன்னு கேட்டேன்." மற்ற கால் கீழே இறங்கியது. இரண்டும் அவர் பலகையை ஒட்டிய கல்லில், அகலமாக, பட்டா வாங்கினவள்போல ஊன்றி நின்றன. "ஐயய்ய, என்ன இது இப்படி ஜில்லுனு இருக்கு! இதுலயா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

அவர் தலையைத் தூக்கினார். கத்தி பின்மண்டையில் சுரீரென்றது. "சொன்னேனா இல்லையா?" என்று சிங்காரவேலு அலறினார், "கடேசி இழுப்புல, கடேசி இழுப்புல! ரத்தம் வருது பாருங்க." வனஜாட்சி குனிந்து, அவருடைய மொட்டைத்தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் பலாப்பழம் பார்க்கிறவள்போல விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அவளுடைய சுருட்டை முடி அவர் நெற்றியில் வந்து உரசியது.

"ஒரு சந்தனம் வெச்சா நின்னுடும்" என்றாள் சிங்காரவேலுவிடம். "இதெல்லாம் ஒரு நோவா?" பிறகு அவரிடம், ரொம்ப நாளாகக் கடனில் கிடந்ததையும் சேர்த்துக் கேட்கிறவள்போல, சத்தமாக: "எங்க, வாயத் தொறந்து சொல்லுங்க பாப்போம்."

"பழம்" என்றார் பஞ்சநதம், முன்னுரை எதுவும் இல்லாமல்.